கயிறு மாதிரி

தமிழில் 'மாதிரி' என்றொரு சொல் இருக்கிறது. அதை நம்பிக் கெட்டவர் பழவேற்காட்டுத் தேசப்பன்.

மீசை முளைக்கும் முன்பே கடலுக்குப் போனவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில் மீனவர்களுக்கு மானிய விலையில் நங்கூரக் கயிறு கொடுக்க சர்க்கார் முடிவு செய்தது. கயிறு வாங்கும் அதிகாரி ஜீப்பில் குப்பத்துக்கே வந்து, ஒரு முழ நைலான் கயிற்றை அவரிடம் நீட்டினார். "நீங்கதான் கடல் தெரிஞ்சவரு. மாதிரியைப் பார்த்துச் சொல்லுங்க."

தேசப்பன் இழுத்தார், முறுக்கினார், பல்லால் கடித்தார். "ஷோக்கா கீது சார்" என்றார். சர்க்காரே தன்னைக் கேட்டதில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. குப்பம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வந்திறங்கிய கயிறும் பார்வைக்கு அப்படியேதான் இருந்தது. உள்ளே கழிவு நூல். ஐப்பசிக் காற்றில், முகத்துவாரத்தருகே அது அறுந்த பிறகுதான் தெரிந்தது. படகு மணல்திட்டில் மோதிக் கவிழ்ந்து, அவர் தம்பி முனிகிருஷ்ணன் பிணமாகக் கரை ஒதுங்கினான்.

பொன்னேரியில் விசாரணை நடந்தது. தம்பி மனைவி எல்லம்மாவும் போயிருந்தாள். அதிகாரி சட்டை கசங்காமல் சொன்னார்: "கயிறு நல்லா இருக்குன்னு சொன்னதே இவர்தாங்க."

"சார், நீங்க காட்டினது கயிறு. குடுத்தது கயிறு மாதிரி" என்றார் தேசப்பன்.

விசாரிக்க வந்தவர்கள் சிரித்தார்கள். "நல்லா இருக்குன்னு சொன்னீரா, இல்லையா?"

"சொன்னேன்."

அவ்வளவுதான். வந்த சரக்கைச் சோதித்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவத்துக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. எல்லம்மா அன்றோடு தேசப்பனிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். திட்டியிருந்தால்கூட ஆறியிருப்பார். வாசலில் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

சில வருடம் கழித்து வேறொரு அதிகாரி ஜீப்பில் வந்தார். கையில் அதே ஒரு முழக் கயிறு. "இங்க கயிறு பார்க்கத் தெரிஞ்சவர் தேசப்பனாமே?"

தேசப்பன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு எல்லம்மா வந்தாள்.

"மாமா, நீ அத்தத் தொடாத" என்றாள். பிறகு அதிகாரியிடம் திரும்பினாள். "சரக்கு வரட்டும் சார். அதுல நங்கூரம் போட்டுக்கினு, படகுல மொதல்ல நீ குந்து. நாங்க கரையில நின்னு பாத்துச் சொல்றோம்."

அதிகாரி சிரித்துக்கொண்டே கயிற்றைச் சுருட்டினார். ஜீப் அடுத்த குப்பத்துக்குப் போயிற்று. அங்கேயும் கடல் தெரிந்தவர் ஒருவர் இருந்தாராம். இழுத்தார், முறுக்கினார், "ஷோக்கா கீது சார்" என்றாராம்.