பதினோரு பேர் கல்யாண ஆல்பம்

1. இரண்டு ஆல்பம்

நான் தனியாகக் கேமரா மாட்டிக்கொண்டு போன முதல் கல்யாணம் ஒரு சர்தார்ஜி வீட்டுக் கல்யாணம். ஆவடி மார்க்கெட் பக்கம் இருந்த ஸ்டூடியோவில் அப்போது எனக்கு ஏழு மாத சர்வீஸ். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கையெழுத்து நன்றாக இருந்ததால், நெகட்டிவ் கவர்மேல் பெயரும் எண்ணும் எழுத முதலாளி டேவிட் அண்ணன் என்னைச் சேர்த்துக்கொண்டார். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல். கேமரா என் கழுத்துக்கு வந்தது.

பெண்ணின் அப்பா மொகிந்தர் சிங், அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிக்கு பாடி கட்டும் ஷெட் வைத்திருந்தார். இருபது வருஷமாக இங்கேதான். தலைப்பாகையைப் பார்க்காமல் பேச்சை மட்டும் கேட்டால் எங்கள் தெரு ஆள் என்றே நினைப்பீர்கள். என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, ரெண்டு ஆல்பம் ஓணும். ஒண்ணு எனுக்கு, அதுல இன்னா ஓணா போடு. இன்னொண்ணு சம்பந்தி ஊருக்குப் போவுது. அதுல மாப்ள ஊட்டு ஆளு பதினொண்ணுக்கு மேல ஒரு தல தெரியக் கூடாது. பேண்டு, ஆட்டம் எதுவும் படத்துல உழக் கூடாது. புரிதா?"

புரியவில்லை. பிறகு அவரே சொன்னார். பஞ்சாபில் தனிநாடு கேட்டுத் துப்பாக்கி தூக்கிய குழுக்கள் கல்யாணத்துக்கும் சட்டம் போட்டிருந்தன. மாப்பிள்ளை ஊர்வலத்தில் பதினோரு பேர்தான் வரலாம். பேண்டு, ஆட்டம், சாராயம் கூடாது. சம்பந்தியின் பக்கத்து ஊரில் பேண்டு வைத்தவரின் கையை உடைத்திருந்தார்களாம். அதனால்தான் கல்யாணத்தையே அம்பத்தூருக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சம்பந்தி திரும்பிப் போனதும் ஆல்பத்தை ஊரே பார்க்கும். அந்தத் துப்பாக்கிப் பையன்களும் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள்.

2. சம்பந்தியின் கால்கள்

ரயிலில் வந்தது கணக்காகப் பதினோரு பேர். கல்யாணம் நடந்த ஷெட்டில் மாப்பிள்ளை வீட்டாராக நின்றது எழுபது பேர் இருக்கும். செங்குன்றம் லாரி டிரைவர்கள், ஆவடி ஃபேக்டரி ஆட்கள் என்று இங்கே இருந்த சர்தார்ஜிகள் எல்லோரும் தாமாகவே அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். குரூப் போட்டோவில் பதினோரு பேரை நிற்கவைப்பதற்குள் என் சட்டை நனைந்துவிட்டது. ஒருவரை நகர்த்தினால் பின்னால் இன்னொரு தலைப்பாகை முளைத்தது.

காலையில் சடங்கு அமைதியாக முடிந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு திருவேற்காட்டு பேண்டு செட் வந்தது. சாமி ஊர்வலத்துக்கும் சாவுக்கும் வாசிக்கிறவர்கள். பஞ்சாபிப் பாட்டு ஒன்றுகூடத் தெரியாது. தெரிந்ததை வாசித்தார்கள், இவர்கள் எதற்கும் ஆடினார்கள். பெண்ணின் மாமா ஒருவர் டிரம்காரரையே தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார். சம்பந்தி மட்டும் முழங்காலில் கை ஊன்றி உட்கார்ந்திருந்தார். கேட்டில் தன் ஊர்ப்பக்கத்து ஆள் யாராவது நிற்கிறாரா என்று மூன்று முறை ஆள் அனுப்பிப் பார்த்தார். நான்காவது பாட்டில் அவர் வலது கால் தட்ட ஆரம்பித்தது. ஐந்தாவதில் எழுந்தார். அடுத்த நிமிஷம் வெள்ளைத் தாடி பறக்க, இரண்டு காலும் தரையில் படாமல் அந்தரத்தில் இருந்தார். அந்த நொடியில் ஃபிளாஷ் அடித்தேன்.

3. ஷோகேஸ்

நல்ல படம் விழுந்தால் பெரிதாக்கிக் கடை வாசல் ஷோகேஸில் வைப்பது எங்கள் தொழில் வழக்கம். யாரையும் கேட்கவே தோன்றவில்லை. பன்னிரண்டுக்குப் பதினைந்தில் என்லார்ஜ் போட்டு, சம்பந்தியை நடுவில் தொங்கவிட்டு, ரோட்டில் நின்று நானே ரசித்தேன்.

மறுநாள் காலை மொகிந்தர் சிங் செருப்பில்லாமல் ஓடிவந்தார். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்த ஆவடி ராணுவ காம்ப் ஜவான் ஒருவர் படத்தைப் பார்த்து, "இவர் எங்கள் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஆயிற்றே" என்று, படத்தில் பின்னால் தெரிந்த போர்டைப் படித்து, ஷெட்டுக்கே விசாரிக்கப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை லீவில் ஊருக்குப் போகிறாராம்.

"நீ படம் எடுத்தியா, இல்ல அந்தாளு உசுர எடுத்தியா நைனா?" என்றார் மொகிந்தர் சிங். டேவிட் அண்ணன் ஷோகேஸைத் திறந்து படத்தைக் கழற்றினார்.

ஜவானைத் தேடி மூன்று பேரும் காம்ப் கேட்டுக்குப் போனோம். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். போன வருஷம் அவர் கல்யாணத்துக்கும் பதினோரு பேர்தானாம், சொந்தத் தம்பியையே வீட்டில் விட்டுவிட்டுப் போனாராம். பிறகு பஞ்சாபியில் ஏதோ சொன்னார். மொகிந்தர் சிங் எனக்குச் சொன்னார்: "இவுரு ஒண்ணும் பாக்கலியாம். யாரோ மெட்ராஸ்காரன் குதிச்சுகினு இருந்தானாம்."

திரும்பும் வழியில் மொகிந்தர் சிங்குக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நெகட்டிவைக் கொளுத்தட்டுமா என்று கேட்டேன். "கொளுத்தாத. யாருக்கும் குடுக்காத. நானே கேப்பேன்" என்றார். கவர்மேல் 'ஒளிபட்டுக் கெட்ட ரோல்' என்று எழுதி வைத்தேன். எந்த ஸ்டூடியோவிலும் அந்தக் கவரை யாரும் தொட மாட்டார்கள்.

4. கேட்டுவிட்டு

ஏழு வருஷம் கழித்து, பஞ்சாபில் ஓரளவு அடங்கிய பிறகு, மொகிந்தர் சிங் வந்தார். கூடவே கையில் தடியோடு சம்பந்தி. இங்கேயே தங்கிவிட்ட மகன் வீட்டுக்குப் பேத்தியைப் பார்க்க வந்தவர், அந்தப் படத்தைத் தன் வீட்டு முன்னறையில் மாட்ட வேண்டும் என்றார். கெட்ட ரோல் கவரை எடுத்தேன். நெகட்டிவில் ஒரு கீறல் இல்லை.

என்லார்ஜைக் கையில் வாங்கிய பெரியவர் பல்லில்லாமல் சிரித்தார். இப்போது மடங்க மறுக்கும் தன் முழங்காலைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு என்னிடம் ஒரே பாடம்தான் இருக்கிறது. படம் எடுப்பது நாம். ஆனால் அதற்குள் இருப்பவர் திரும்பிப் போய் வாழவேண்டிய ஊர் ஒன்று இருக்கிறது. அன்று நான் இரண்டாவது பிரிண்ட் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு, ஷோகேஸைக் காட்டி, "வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

பெரியவருக்குத் தமிழ் தெரியாது. என் கையிலிருந்து வாங்கி, தானே போய் நடுவில் மாட்டினார்.