அசையாமல் படுக்கச் சொன்னார்கள்

திருப்பரங்குன்றத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்களிடம் நாள் முழுக்க நான் சொல்வது ஒன்றுதான்: "அசையாதீங்க." அப்படியும் அசைந்துவிட்டு, படம் கலங்கியதும் "நான் எங்க அசைஞ்சேன்?" என்று என்னோடு சண்டைக்கு வருவார்கள். நான் சிரித்துக்கொண்டே மறுபடி எடுப்பேன்.

எங்களுக்குப் பூர்வீகம் பேரையூர்ப் பக்கம். அப்பாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் கையும் தோளும் தானாக வெட்டி இழுக்க ஆரம்பித்தது. குலசாமி இறங்கிவிட்டது என்று பங்காளிகள் கூடிப் பேசி, அவரைச் சாமியாடி ஆக்கி, கையில் அரிவாளைக் கொடுத்தார்கள். முதலில் திருவிழாவில் ஆடினார். பிறகு சோறு தின்னும்போதும் ஆடினார். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்று ஊரே கேலி பேசியது, நானும் சேர்ந்துதான். உறங்கினால் மட்டும் சாமி அவரை விட்டுவிடும்.

அவர் போய்ச் சேர்ந்து சில வருடங்களில் அதே ஆட்டம் அண்ணனுக்கு வந்தது. அப்பன் சாமி மகன்மேல் இறங்கிவிட்டதாகப் பங்காளிகளுக்கு ஏக சந்தோஷம். அண்ணனும் அரிவாளை வாங்கிக்கொண்டார். போன திருவிழாவில் அது கைதவறி அவர் காலிலேயே விழுந்தது. மதுரையில் தையல் போட்ட டாக்டர் புண்ணை விட்டுவிட்டுக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். ரத்தப் பரிசோதனையில் ஹண்டிங்டன் நோய் என்று வந்தது. மூளை நரம்பு கெட்டு, கைகால் தானாக ஆடும் பரம்பரை நோய். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரச் சரிபாதி வாய்ப்பு.

"அப்ப எங்கப்பாவுக்கு வந்தது சாமி இல்லையா மேடம்?" என்று அண்ணன் கேட்டார். நரம்பு டாக்டரம்மா ரிப்போர்ட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். எனக்கு அது தெரியவில்லை, இன்றுவரை.

சரிபாதி என்றால் இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்குத்தானே, அண்ணனுக்கு வந்துவிட்டது, நான் தப்பித்தேன் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அப்படியில்லை, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சரிபாதி என்றார் டாக்டரம்மா. அண்ணனுக்கு வந்ததில் ஒரு நிமிடம் நிம்மதிப்பட்டதை நினைத்து எனக்கே அசிங்கமாக இருந்தது.

டாக்டரம்மா ஓர் ஆய்வும் செய்துகொண்டிருந்தார். நோயாளிகளோடு, நன்றாக இருக்கும் கூடப்பிறந்தவர்களையும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது. "மூளை செல்லு சாகுறதுக்கு ரொம்ப முன்னாடியே அதோட வேலை தடுமாற ஆரம்பிச்சிரும். அதைப் படத்துல பிடிக்க முடியுமான்னு பாக்குறோம்" என்றார்.

"அப்ப எனக்கு இருக்கான்னு தெரிஞ்சிருமா?"

"ஒரு ஆளு படத்தை வச்சுச் சொல்ல முடியாது. நிறையப் பேர் படத்தைச் சேத்துப் பாத்தாத்தான் வித்தியாசம் தெரியும். உங்களுக்கு இருக்கா இல்லையான்னு ரத்தம்தான் சொல்லும். பாக்குறதும் பாக்காததும் உங்க விருப்பம்."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லாத படத்தை எதற்கு எடுக்க வேண்டும்? என் கடையில் இப்படிச் செய்தால் உதைதான் விழும். இருந்தாலும் சம்மதித்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ரத்தப் பரிசோதனைக்கான படிவத்தை மட்டும் நிரப்பாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இடுப்பில் கிடந்த குலசாமித் தாயத்தைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றிவிட்டு ஸ்கேன் மெஷினின் குழாய்க்குள் படுத்தேன். விளக்கு எரியும்போது வலது கை விரல்களை மட்டும் தட்ட வேண்டும், அணைந்தால் நிறுத்த வேண்டும், வேறெதுவும் அசையக் கூடாது. இது என்ன பிரமாதம், நான் அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற வித்தை என்று நினைத்தேன்.

"அண்ணே, இடது கால் அசையுது. அசைக்காதீங்க" என்றது ஸ்பீக்கர்.

நான் அசைக்கவில்லை. "சரி தம்பி" என்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும், "அண்ணே, அந்தக் காலு." நிறுத்திவிட்டு முதலிலிருந்து எடுத்தார்கள். வெளியே வந்ததும் ஸ்கேன் எடுத்தவர், "பயத்துல எல்லாருக்கும் ஆடுறதுதாண்ணே" என்றார். பயம் இருந்தது உண்மைதான். நான் எங்க அசைஞ்சேன் என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

வெளியே பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவர் கை தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அம்புட்டும் நல்லா இருக்காம்ல?"

"அதெல்லாம் சொல்ல மாட்டாங்களாம்ணே."

அண்ணன் அந்த ஆடும் கையை எடுத்து என் இடது முழங்கால்மேல் வைத்து அழுத்தினார்.

"இது எம்புட்டு நாளாடா?"

"எதுண்ணே?"

அவர் கையை எடுக்கவில்லை. குனிந்து பார்த்தேன். அண்ணன் கையும் என் முழங்காலும் சேர்ந்தே ஆடிக்கொண்டிருந்தன. எது எதை ஆட்டுகிறது என்று எனக்குத் தெரியவில்லை.