பிரம்பைத் தொட வந்தவள்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், நாலாம் மாடியில் எங்கள் வீடு. சனிக்கிழமை பின்னேரங்களில் அதன் முன்னறையைக் கூடை பின்னும் வகுப்பாக மாற்றிவிடுவேன். சோபாவைச் சுவரோடு தள்ளி, பாயை விரித்து, மகளைக் குழந்தையில் குளிப்பாட்டிய பிளாஸ்டிக் தொட்டியில் பிரம்பை ஊறப்போட்டால் வகுப்பு தயார். அதற்கு ‘ஸ்டூடியோ’ என்று பெயர் வைத்தது என் கணவர். குளியலறைக்குள் தொட்டி இருக்கும் நாட்களில் அந்தப் பெயரை அவர் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்லுவார்.

நாலு பேருக்கு மேல் நான் சேர்ப்பதில்லை. ஐந்தாவது ஆள் வந்தால் யாருடைய கண்ணிலாவது பிரம்பு குத்தும். எனக்குப் பொறுமையும் நாலு பேருக்குத்தான் காணும்.

போன வருடம் வந்தவர்களில் ஒருத்தி கொள்ளுப்பிட்டியில் வங்கி வேலை பார்ப்பவள். நாற்பது இன்னும் ஆகவில்லை. முதல் நாள் எல்லோரும் கூடையின் அடியைப் பின்னத் தொடங்கிவிட்டார்கள். இவள் மட்டும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“தொடாமல் பின்னேலாது தங்கச்சி. வேடிக்கை பாக்கவே வந்தனீர்?”

“எனக்குப் பிரம்பெண்டால் பயம் அக்கா. அதுதான் வந்தனான்” என்றாள்.

பகிடி விடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் வலது கையை நீட்டினாள். மோதிர விரல் நடு மூட்டில் கோணி, பக்கத்து விரலின் மேல் சாய்ந்து கிடந்தது. பதினைந்து வயதில், கணக்கு ரியூசனில் வாங்கிய அடி. கூட்டல் குறி ‘சக’ போட வேண்டிய இடத்தில் கழித்தல் குறி ‘சய’ போட்டிருந்தாளாம். நீட்டிய கையைப் பயத்தில் பாதி மடக்கியதால் பிரம்பு மூட்டில் விழுந்திருக்கிறது.

“அப்பா ஒண்டும் கேக்கேல்லையே?”

“அடுத்த கிளாஸுக்கு அவரே கூட்டிக்கொண்டு போய் விட்டவர். கையில போட்ட கட்டோட.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எதிரே இருந்த கொட்டாஞ்சேனைக்காரி, நத்தார் பண்டிகைக்குப் பரிசுக்கூடை செய்து விற்கப் பழகுபவள், “அந்தக் காலத்துல நாங்க எல்லாரும் அடி வாங்கித்தானே மிஸ் வளந்தோம்” என்றாள். “நீங்க உங்கட கூடையைப் பாருங்கோ” என்று அவள் வாயை அடைத்தேன்.

வங்கிக்காரி தன் பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். “என்ர மகனுக்குப் பதினாலு. வாற வருஷம் ஓ.எல். சோதனைக்குக் கிளாஸ் பாக்க வேணும். நல்ல கிளாஸ் எண்டு ஆர் பேர் சொன்னாலும் எனக்குக் கை வேர்க்குது. நான் பயந்தது போதும். அவன்ர மேல ஒருத்தரும் கை வைக்கக் கூடாது.”

அன்றைக்கு ஒரு முடிவெடுத்தேன். இந்தப் பிள்ளை பயம் தெளிந்துதான் என் வீட்டை விட்டுப் போக வேண்டும். தொட்டியிலிருந்து பிரம்பை வெடுக்கென்று உருவும் பழக்கத்தை விட்டேன். அப்படி உருவினால் அது காற்றில் கீச்சிடும். பாம்பை எடுப்பதுபோல் மெல்ல எடுத்து அவள் மடியில் வைத்தேன். முதல் நாள் தொட்டாள். அடுத்த கிழமை நாலு வரி பின்னினாள். உள்ளங்கை வேர்வையில் பிரம்பு வழுக்கிக்கொண்டே இருந்தது, ஆனாலும் விடவில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை, காலியாக இருந்த நாலாவது இடத்துக்கு ஆறாம் மாடிப் பெண் தன் தகப்பனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வெள்ளவத்தையில் ஓ.எல். கணக்கு என்றால் அவர் பெயரைத்தான் முதலில் சொல்லுவார்கள். எழுபது தாண்டியும் வகுப்பு நடத்துகிறார். மெல்லிய பக்கவாதம் வந்து வலது கை நடுங்கத் தொடங்கியிருந்தது. கைக்கு ஏதாவது வேலை கொடுக்கச் சொல்லி டொக்டர் சொன்னாராம். நான் என்னையறியாமலே எழுந்து நின்று, “வாங்கோ சேர்” என்றேன்.

அவர் பாயில் உட்கார மாட்டேன் என்று கதிரை கேட்டார். உட்கார்ந்ததும் தொட்டியில் கையை விட்டார். ஒரு பிரம்பை எடுத்தார், வைத்தார், இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதைத் தேர்ந்து, தண்ணீர் போக ஒருதரம் வீசி உதறினார். கை நடுங்கியது, ஆனாலும் அந்தச் சத்தம் வந்தது.

வங்கிக்காரி எழுந்து குசினிக்குள் போனாள். தண்ணீர் கேட்கிறாளாக்கும் என்று பின்னால் போனேன். பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, இவர்தான்.”

விரலை உடைத்த மனிதனுக்கு நானே எழுந்து நின்று கதிரை போட்டிருக்கிறேன். “இப்பவே போகச் சொல்லுறன்” என்று திரும்பினேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

“வேண்டாமக்கா. இருக்கட்டும்.”

முகத்தைக் கழுவினாள். போய், அவருடைய கதிரைக்குப் பக்கத்திலேயே பாயில் உட்கார்ந்தாள்.

பிறகு வந்த கிழமைகளில் நான் பார்த்ததை என் கண்ணே நம்பவில்லை. அவருடைய கை நடுங்கும்போது இவள் கூடையின் அடியை அசையாமல் பிடித்துக்கொண்டாள். கை தவறி விழுந்த பிரம்பை எடுத்துக் கொடுத்தாள். அவருக்கு இவளை யாரென்று தெரியவில்லை. எத்தனை ஆயிரம் பிள்ளைகள். “பிள்ளை, இதைப் பிடியும்” என்பதோடு சரி.

ஒருநாள் கொட்டாஞ்சேனைக்காரி கேட்டே விட்டாள். “சேர் இப்பவும் அடிக்கிறீங்களா?”

“இந்தக் கையோட எப்பிடி அடிக்கிறது?” என்று அவர் கையைத் தூக்கிக் காட்டினார். “சோக்கட்டி பிடிக்கவே ஏலாமல் கிடக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். வங்கிக்காரியும் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அன்றிரவு கணவரிடம், “அந்தப் பிள்ளைக்கு இருக்கிற மனசு எனக்கு இந்தப் பிறவியில வராது” என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. என் முன்னறையில், என் பிரம்பால்தானே இந்த மன்னிப்பு நடக்கிறது.

கடைசி நாள் வகுப்பு முடிந்து பிளேன்ரீயும் பற்றீசும் கொடுத்தேன். அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வலது கையை அவர் முன்னால் நீட்டினாள்.

“சேர், இந்த விரல் நீங்க அடிச்சு உடைஞ்சது.”

கொட்டாஞ்சேனைக்காரி பற்றீசைக் கடித்தபடியே அப்படியே இருந்தாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்து, குனிந்து, அந்த விரலைத் திருத்த வேண்டிய விடைத்தாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“எந்த வருஷத்து பட்ச்?”

சொன்னாள்.

“கணக்குக்கு என்ன றிசல்ட்?”

“ஏ எடுத்தனான் சேர்.”

“பிறகென்ன?” என்றார், திருப்தியோடு.

பக்கத்தில் இருந்த பிரம்புக் கட்டால் நானே அவருக்கு ஒன்று போட்டிருப்பேன். அவள் முகத்தைப் பார்த்தேன். இப்போது கேட்பாள், நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்பாள் என்று காத்திருந்தேன்.

“சேர், என்ர மகன் வாற வருஷம் பத்தாம் வகுப்பு. உங்கட கிளாஸில ஒரு இடம் கிடைக்குமே?”

“எல்லாம் நிரம்பியிட்டுது பிள்ளை. ஆள் குழப்படியோ?”

“கொஞ்சம்.”

“சரி, நீர் எங்கட பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாரும்.”

அவர், கூட்டிப்போக வந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேலே போகும்வரை பொறுத்திருந்தேன். பிறகு லிப்ட் வாசலில் அவளை மறித்தேன்.

“உமக்கென்ன விசரே? மகன்ர மேல ஒருத்தரும் கை வைக்கக் கூடாது எண்டனீர்!”

அவள் கலங்கவே இல்லை. “அவரைப்போல கணக்குப் படிப்பிக்க இண்டைக்கும் ஆள் இல்லை அக்கா. எனக்குப் பயம் அந்தக் கைக்குத்தான். அதுதான் பக்கத்தில இருந்து பாத்தனான். அவருக்கு இனிக் கை ஏலாது.”

லிப்ட் கதவு மூடிக்கொண்டது. மன்னிப்பு என்றும் பெரிய மனசு என்றும் நான் கணவரிடம் சொல்லிப் பெருமைப்பட்டது இதைத்தானா! அவள் அத்தனை கிழமையும் அந்த மனிதனின் கையை எடைபோட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். அவமானமாக இருந்தது; ஏமாற்றமாகவும் இருந்தது. தாய் என்கிற முறையில் கொஞ்சம் விளங்கவும் செய்தது, அதுதான் இன்னும் எரிச்சல்.

உள்ளே வந்து பாயைச் சுருட்டப் போனபோது அவருடைய கூடை கதிரைக்கடியில் இருந்தது. மறந்து விட்டுப் போயிருந்தார். கையில் எடுத்தேன். அடியில் இருந்த வரிகள் தளர்ந்து, விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தன. நடுவில் கொஞ்சம் சீராகியிருந்தது. மேல் வரிகளுக்குள் நகத்தை விட்டுப் பார்த்தேன், நுழையவில்லை. நான் பின்னினாலும் அவ்வளவு இறுக்கம் வராது. கூடையை அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

“தங்கச்சி, அவற்ற கை நல்லாத் தேறியிட்டுது. மேல் வரியை வந்து பாரும். ஒரு மனிசன் இப்பிடி இழுத்துப் பின்னுறதெண்டால் கையில பழைய பலம் வந்திட்டுது.”

அந்தப் பக்கம் பஸ்ஸின் இரைச்சல் கேட்டது.

“தெரியும் அக்கா. கூடையைப் பிடிச்சுக்கொண்டிருந்தது நான்தானே” என்றாள். “அதுக்காக, கிடைச்ச இடத்தை விட ஏலுமே?”