அரைச் சூரியன்

கன்னியம்மாளுக்கு எழுத்துக் கூட்டவே வராது. ஆனால் ஜவ்வாது மலையில் எந்தக் காட்டில் கொண்டுபோய் விட்டாலும் வீடு வந்து சேர்ந்துவிடுவாள். பட்டை உரிந்த மரம், பிளந்த பாறை என்று போகும்போதே கண்ணால் அடையாளம் போட்டுக்கொண்டு போவது மலைக்காரர்கள் பழக்கம். அதை நம்பித்தான் அன்றைக்குப் போளூர் தெருவில் இறங்கினாள்.

புளி உலுக்க ஏறிய புருஷன் லட்சுமணன் மரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். போளூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுவிட்டு, ஆபரேஷனுக்குத் திருவண்ணாமலை போகணும் என்றார்கள். "வழிக்கு எதனா வாங்கிக்கினு சீக்கிரம் வாம்மா. வண்டி வந்துட்டா நிக்காது" என்றாள் நர்ஸ்.

அடேயப்பா! இந்த ஊரில் கோலம் இல்லாத இடமே கிடையாதா? சாக்கடை மூடியில் வட்டத்துக்குள் வட்டமாய்ப் பூ. நடைபாதைக் கற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு அலையலையாய் ஓடின. ஜன்னல் கம்பியில் கொடி, மாடிக் கைப்பிடியில் மயில். காலால் மிதிக்கிற இரும்புக்குக்கூட இவ்வளவு அழகு பார்த்தவன் எந்த மகராசனோ! மூடியை மிதிக்க மனசு வராமல் நடுரோட்டில் சுற்றிப் போனாள். பைக்காரன் ஒருவன் கத்தினான். கத்தட்டுமே, கண்ணிருந்தும் பார்க்காத ஜென்மம். ஆஸ்பத்திரித் தெருவுக்கு அவள் வைத்துக்கொண்ட அடையாளம், முனைவீட்டுச் சுவரோரம் பச்சை இரும்பில் இருந்த அரைச் சூரியன்.

இட்லிப் பொட்டலத்தோடு திரும்பினால் அரைச் சூரியனைக் காணோம்! பச்சைக் கேட் ஒன்று இருந்தது. அதில் இருந்ததோ முழுச் சூரியன். நம்முடையது பாதியாச்சே என்று தாண்டிப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். பூக்காரியிடம் கேட்டாள்.

"எந்த ஆஸ்பத்திரிம்மா? இங்க தடுக்கி வுழுந்தா ஆஸ்பத்திரிதான். பேரு இன்னா?"

பேர் யாருக்குத் தெரியும்! அந்த மனுசனைத் தனியாகத் தூக்கிப்போட்டுக்கொண்டு போய்விடுவார்களே என்று அழுகை முட்டியது.

அப்போது யாரோ ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்து அந்தப் பச்சைக் கேட்டைத் திறந்தார்கள். சூரியன் நடுவில் பிளந்தது. ஒரு பாதி இந்தச் சுவரோரம், மறு பாதி அந்தச் சுவரோரம்.

கன்னியம்மாள் அசந்துபோனாள். அவள் ஊரில் வீட்டுக்கு ஒற்றைக் கதவுதான். சூரியனைச் சரிபாதியாய்ப் பிரித்து, கதவைச் சாத்தும்போது சேர்த்துவைக்கலாம் என்று ஒருவனுக்குத் தோன்றியிருக்கிறதே! அவசரம்கூட ஒரு கணம் மறந்துபோனது. அப்புறம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தத் தெருவில் ஓடினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே லட்சுமணன் வாசல் தூணை இறுகக் கட்டிக்கொண்டிருந்தான். "தூண வுடுய்யா, உன் காலு போய்டும்" என்று டிரைவர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அவளைக் கண்டதும்தான் தூணை விட்டான். விட்ட கையால் அவள் கையைப் பிடித்தான். நாலு பேர் பார்க்க அவன் அவளைத் தொட்டதே கிடையாது.

"எங்கடி போய்ட்ட? நீ தொலஞ்சிபோய்ட்டா, நேரான காலு வெச்சிக்கினு நான் எங்க போறது?"

கன்னியம்மாள் அவனோடு வண்டியில் ஏறினாள். போளூர் தாண்டும்வரை அவன் கையை அவள் விடவில்லை.