யுனிவர்சிட்டி தூக்கிக்கொண்டு போன பேப்பர்

மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரி போகும் டவுன் பஸ்ஸில் ஏறினால், உப்பளத்துப் பக்கம் வந்ததும் கண்டக்டர் இன்னமும் "யுனிவர்சிட்டிலாம் எறங்கு" என்றுதான் கத்துவார். இறங்கிப் பார்த்தால் யுனிவர்சிட்டியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. துருப்பிடித்த கேட், முள்செடி, உள்ளே நாலு ஆடு, அவ்வளவுதான்.

சுனாமிக்குப் பிறகு ஒரு பல்கலைக்கழகம் அங்கே கிளை திறந்தது. எக்கியார்குப்பத்து மீனவப் பையன்கள், கோட்டக்குப்பத்திலிருந்து பர்தா போட்டுக்கொண்டு வந்த பெண்கள், எங்கள் உப்பளத்து வீட்டுப் பிள்ளைகள் என்று ஒரே கூட்டம். உப்புக் காற்று சும்மா விடுமா? ஃபேன் இறக்கை உதிர்ந்தது. போர் போட்டால் கடல் தண்ணீர் வந்தது. வாத்தியார்கள் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடினார்கள். ஒருநாள் பெஞ்சு, பீரோ எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு விழுப்புரம் போய்விட்டார்கள். கொரோனாவில் அங்கே நோயாளிகளை வைத்திருந்தார்கள், அப்புறம் கொஞ்ச காலம் இறால் தீவன மூட்டை. இப்போது அதுவும் இல்லை.

என் மனைவி யுவராணி அந்தக் கேட்டைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "என் ஒரு பேப்பரையும் சேத்துத் தூக்கிக்கினு போய்ட்டானுங்க" என்பாள்.

அவள் அங்கே பி.ஏ. வரலாறு படித்தவள். கடைசிப் பரீட்சை அன்று ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே அவள் அப்பாவின் உப்பளம். திடீரென்று வானம் கறுத்தது. மாமா ஒண்டி ஆளாக உப்புக் குவியல் மேல் ஓலையை இழுத்து மூட முடியாமல் தவிப்பது அவள் கண்ணில் பட்டுவிட்டது. பேப்பரை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டாள். நான் அப்போது பக்கத்து உப்பளத்தில் கூலிக்காரன். உதவிக்கு ஓடினால், கொண்டையில் பேனாவைச் செருகிக்கொண்டு ஒரு பெண் ஓலையை இழுத்துக்கொண்டிருக்கிறாள்! உப்பு தப்பித்தது, நான் மாட்டினேன். அரியரை எழுதுவதற்குள் யுனிவர்சிட்டி ஊரைக் காலி செய்துவிட்டது.

அன்றிலிருந்து அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. நின்றுகொண்டே சாப்பிடுவாள். கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டுவாள். என்னம்மா குறை என்று கேட்டால், "ஒண்ணும் இல்லங்க" என்பாள். சந்தோஷமாக இருந்தால் எனக்கு 'ஏங்க', கோபம் வந்தால் 'யோவ்'. அந்த ஒரு பேப்பர் அவளை எத்தனை வருஷம் அரித்தது என்று எனக்கல்லவா தெரியும்!

போன வருஷம், பழைய அரியர்காரர்களுக்குக் கடைசி வாய்ப்பு, இதை விட்டால் கிடையாது என்று அறிவித்தார்கள். பரீட்சை மே மாதம், விழுப்புரத்தில். இப்போது நாங்கள் பார்க்கும் மாமாவின் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டே படித்தாள். அவள் பானிப்பட்டுப் போர் என்று முணுமுணுக்க, பக்கத்துப் பாத்திக் கன்னியப்பன் அண்ணன், "கீழ்புத்துப்பட்டு தெரியும். இது எங்கம்மா இருக்குது, திண்டிவனம் தாண்டியா?" என்றார்.

பரீட்சைக்கு மறுநாள் வியாபாரியின் லாரி வருவதாக இருந்தது. ஈரம் காயட்டும் என்று பரீட்சை அன்று காலையில் ஓலையெல்லாம் பிரித்துப் போட்டோம். குவியலைப் பார்த்தபடியே நின்றாள்.

"மழை வந்தா போன் பண்ணுங்க. எழுந்து வந்துடுவேன்."

"கத்திரி வெயில்ல ஏது மழை? போ, பஸ் வருது."

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன், கடல் பக்கம் மேகம் கறுத்தது. கன்னியப்பன் அண்ணனைக் கூப்பிட்டு ஓலையை இழுக்க ஆரம்பிக்கும்போது போன் அடித்தது.

"உள்ள விடப் போறாங்க. அங்க எப்படி இருக்குது?"

"வெயில் மண்டையப் பொளக்குது."

சொல்லி வாய் மூடவில்லை, தலைக்கு மேலே இடி. எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"என்னங்க சத்தம்?"

"லாரி இன்னைக்கே வந்துடுச்சும்மா. பின்பலகைய எறக்குறான். உப்ப ஏத்தினா பாரம் வுட்டுது. நீ நிம்மதியா எழுது."

"சரிங்க" என்று வைத்துவிட்டாள். அடுத்த நிமிஷம் கொட்டியது பாருங்கள் மழை! ஒரு குவியலைத்தான் மூட முடிந்தது. மற்றதெல்லாம் எங்கள் கண் முன்னால் கரைந்து வரப்பு வழியே ஓடியது. உப்பு போனதைவிட, அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் பெரிய பயம்.

வெளிச்சம் மங்கி வரும்போது பஸ்ஸிலிருந்து இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் வந்தாள். மூடாத குவியல்கள் இருந்த இடத்தைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"லாரி வரல யுவராணி. பொய் சொல்லிட்டேன். மழைன்னு சொன்னா நீ ஓடியாந்துடுவே..."

"யோவ்."

திட்டு விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் வரப்பு ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். காலை நீட்டி உட்கார்ந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, முகம் சிரிக்கிறது.

"நான் உப்பளத்துக்காரன் பொண்ணுய்யா. எனக்கு இடிக்கும் லாரிப் பலகைக்கும் வித்தியாசம் தெரியாதா? மழைன்னு தெரிஞ்சுதான் போன அணைச்சேன். தெரிஞ்சுதான் கடைசி பெல் வரைக்கும் உக்காந்து எழுதினேன்."