நாலாவதாகப் பிறந்த தலைச்சன்

தாய் பாக்கே என்கிற எங்கள் சனத்தில் பிள்ளைக்குப் பெயர் தேடி யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. எண்ணிக்கையே பெயர். முதல் ஆண் ஆய், அடுத்தவன் ஞீ, மூன்றாமவன் சாம், நாலாமவன் சாய். செத்தாலும் அந்த எண் செத்தவனுடையதுதான், எவரும் பிடுங்க முடியாது என்று நினைத்திருந்தேன். அடுத்த வீட்டு ஹொம்மின் மாமியாரைப் பற்றி அப்போது எனக்கு என்ன தெரியும்?

ஹொம்முக்கு ஆய் போனான், ஞீ போனான், சாமும் போனான். எல்லாம் பல் முளைக்கும் முன்பே, காய்ச்சலில். நாலாவது பிறந்த அன்று மாமியார் அறிவித்துவிட்டாள்.

"இவன்தான் ஆய். தலைச்சன். முன்னாடி எதுவும் பொறக்கல. பேய் எடுத்தத எண்ணிப் பாத்துத்தானே அடுத்ததுக்கு வருது? ஏமாறட்டும்."

"அப்ப என் மூணு புள்ளைங்க, அத்தை?"

"இது ஒண்ணாவது தங்கணுமா, வேணாமா? அதச் சொல்லு."

என்ன சொல்வாள் பாவி மகள்? சரி என்றாள். அதற்குப் பிறகு விகாரையில் அந்த மூவருக்கும் புண்ணியம் சேர நீர் வார்க்கக் கூடாது, பெயரும் சொல்லக் கூடாது.

ஒருநாள் நானும் ஹொம்மும் என் வீட்டு அடுப்படியில் இலையில் சோறு மடித்துக்கொண்டிருந்தோம்.

"அக்கா, இங்க மட்டும் அவனுங்க பேரச் சொல்லிக்கட்டுமா?"

"தாராளமா சொல்லுடி. எந்தப் பேய் வருதுன்னு நானும் பாக்குறேன்."

வாயைத் திறந்தாள். மடியில் கிடந்தவனைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

பையன் தத்தித் தத்தி நடந்தான், "மே, மே" என்று அம்மாவைக் கூப்பிட்டபடி அவள் பின்னாலேயே திரிந்தான். அடுத்த மழையில் அவனுக்கும் காய்ச்சல். ஆஸ்பத்திரி அக்கரையில். புரிதிகிங் ஆறு கரை புரண்டு ஓடியது, படகுக்காரன் துடுப்பைத் தொடவில்லை. கரையிலேயே, அவள் மார்பிலேயே, பிள்ளை குளிர்ந்துபோனான். ஹொம் அப்போது மறுபடி உண்டாகியிருந்தாள்.

புதைத்துவிட்டு வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி அவள் முதுகைத் தடவினாள்.

"தலைச்சன் போனா அப்படித்தாண்டி வலிக்கும். ஒண்ணுதானே போச்சு, மனசத் தேத்திக்கோ."

"ஒண்ணா?" ஹொம் அலறினாள். "நாலுடி! நாலு பேர மண்ணுல போட்டிருக்கேன்! ஆய், ஞீ..."

மாமியார் ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள். கிழவியின் கண்களிலும் நீர் கொட்டியது.

"கத்தாதே தாயி! வயித்துல இருக்கிறதுதான் ஆய். இவனும் பொறக்கல."

அந்தக் கைக்கு உள்ளேயே ஹொம் மெல்லத் தலையாட்டினாள்.