கொளுக்கியைத் தடவும் விரல்கள்

காலையில் முட்டை எடுக்கப் போன மகள் கோழிக்கூட்டுக்கு முன்னால் அசையாமல் நின்றாள்.

"அம்மா, அதுக்குக் கை இருக்கு."

கனடாவில், புரோசார்ட் நகரத்து எங்கள் வீட்டின் பின்வளவில், ஊரில் போலவே வலை அடித்துக் கொளுக்கி மாட்டி நான் செய்த கூடு அது. ஊரில் மரநாயைத் தடுக்க அது போதும். ஆனால் ரக்கூன் என்ற இந்த நாட்டு விலங்கு மனிதரைப் போல ஐந்து விரல்களாலும் கொளுக்கியைத் தடவித் தூக்கிக்கொண்டிருந்தது. உள்ளே கோழிகள் கதறின. நான் அந்த விரல்களையே பார்த்தேன்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் சமைக்கும் குசினிக்கு ஓலைக்கதவு. பொழுதுபட்டதும் அம்மா கோழியையும் குஞ்சுகளையும் அங்கே கூடையால் மூடி, மேலே ஒரு பெரிய கல்லை வைப்பார். ஊரடங்கு போட்டிருந்த ஒரு மாலை, நாங்கள் குசினிக்குள் இருக்க, கதவின் ஓலை இடுக்கால் ஒரு கை உள்ளே வந்தது. நகங்களில் சேறு. அது அவசரமில்லாமல் கதவுக் கொளுக்கியைத் தேடியது. அம்மா என் வாயைப் பொத்தினார். கூடை மேலிருந்த கல்லைத் தூக்கிக் கதவோடு வைத்து, தானும் சாய்ந்து நின்றார். கடைசியில் கை வெளியே போனது. யாருடைய கை என்று இன்றுவரை தெரியாது.

அங்கேயே படுத்து விடிய எழும்பிப் பார்த்தால் கூடை கவிழ்ந்து கிடந்தது. மரநாய் கூரை ஓலையால் இறங்கிக் குஞ்சுகளைக் கொண்டு போயிருந்தது. நான் அழுதேன்.

"கல்லு ஒண்டுதானே பிள்ளை இருந்தது," என்றார் அம்மா.

இப்போது நான் மகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். சட்டியைத் தட்டிய சத்தத்தில் ரக்கூன் வேலி ஏறிப் போனது. அன்றே கடைக்குப் போய்ப் பூட்டு வாங்கினேன்.

"கூடு ஒண்டுதானே அம்மா, ஏன் ரெண்டு பூட்டு?" மகள் கேட்டாள்.

நான் எங்கள் பின்கதவைப் பார்த்தேன்.